என் கணினியில் நிகழவில்லை

பதினோரு வருடங்களாக ஒரு ஷெல்லைப் பராமரித்து வருகிறேன். அது என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளையை வாங்கி, கணினியைச் செய்யவைத்து, வேலை நடந்ததா இல்லையா என்று திரும்பி வந்து சொல்லும் நிரல் அது. உலகமெங்கும் பெரிய ஷெல்கள் ஓடுகின்றன. என்னுடையது சின்னது, பழைய கணினிகளிலும் மூச்சு வாங்காமல் ஓடக்கூடியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் நானல்ல. அவருக்கு அலுத்துப்போனபோது, பிழைகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒரே பாவத்துக்காக என் தலையில் கட்டிவிட்டுப் போனார். தினமும் காலையில் ஆபீஸ் வேலைக்கு உட்காரும் முன் ஒரு மணி நேரம் இதற்கு.

முகம் தெரியாதவர்கள் பிழை அறிக்கை அனுப்புவார்கள். சிலருக்கு என் மேல் கோபம், சிலருக்கு உலகத்தின் மேலேயே கோபம். எனக்கும் பொறுமை கொஞ்சம் குறைவுதான். அதனால் ஒரு பதிலைத் தயாராக எழுதி வைத்திருந்தேன்: "என் கணினியில் இது நிகழவில்லை. மூடுகிறேன்." எங்கள் தொழிலில் இது மரியாதைக்குறைவு இல்லை, வழக்கம். பராமரிப்பவன் தன் கண்ணால் பார்க்காத பிழையைத் திருத்த முடியாது. அறிக்கையை மூடிவிட்டு, கீழே போய் அக்காவிடம் சாயா வாங்கிக் குடிப்பேன்.

மட்டாஞ்சேரியில் மிளகு மண்டிகளுக்குப் பின்னால் எங்கள் வீடு. மாடியில் நான். கீழே அக்காவும் அவளுடைய ஒன்பது வயது மகளும். அத்தான் மஸ்கட்டில். போன வருடம் மழை தொடங்கிய சமயத்தில் குழந்தைக்கு அது வர ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று பாதியில் நின்றுவிடும். கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். வாய் எதையோ மெல்லும், வலது கை விரல்கள் பாவாடையைப் பிய்க்கும். பிறகு துவண்டு சாய்வாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. எழுந்தால் அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது.

எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். தலையெல்லாம் வயர் ஒட்டி எடுத்த சோதனை நார்மல் என்று வந்தது. அரை நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். குழந்தை சமர்த்தாகப் படுத்திருந்தாள், நர்சுக்குப் பாட்டுக்கூடப் பாடிக் காட்டினாள். டாக்டர் நல்ல மனுஷர்தான். "ஞான் நோக்கும்போள் ஒண்ணுமில்லல்லோ" என்று, தான் பார்க்கையில் ஒன்றும் வரவில்லையே எனக் கையை விரித்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்: கணக்கு வகுப்பு பிடிக்காமல் குழந்தை நடிக்கிறாள். டாக்டரும் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசியில், வரும்போதெல்லாம் போனில் வீடியோ எடுத்து, ஆறு வாரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் என்ன மருந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்றே முடிவாகும்.

அக்கா எடுத்தாள். ஒரு கையில் குழந்தையின் தலை, மறு கையில் போன். இரண்டாவது வாரம் குழந்தை கார்ட்டூன் பார்க்கப் போனை எடுத்தவள் அந்த வீடியோவைத் திறந்துவிட்டாள். "உம்மா, இது ஞானா?" என்று கேட்டாளாம். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அக்கா மாடியேறி வந்தாள். "தம்பி, எடுத்த உடனே அது போன்ல இருந்து போயிரணும். மோளு கண்ணுல படவே கூடாது. ஆனா பத்திரமா இருக்கணும். நீ இத்தனை வருஷமா கம்ப்யூட்டர்ல என்னமோ செய்யறியே, இதைச் செஞ்சு தா."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். இத்தனை வருடத்தில் வீட்டில் ஒருவர் என் வேலையைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. கீழே ஒரு பழைய கணினி கிடந்தது. ஷெல்லின் புதுப் பதிப்புகளைச் சோதித்துப் பார்ப்பதும் அதில்தான். ஷெல் வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளை நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்டாக எழுதினேன். போன் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் வீடியோவைக் கணினிக்குப் படியெடு. படியெடுத்தது சரியாக முடிந்தால் மட்டும் போனிலிருந்து அழி. அந்த 'முடிந்தால் மட்டும்' என்பதில்தான் எல்லாப் பாதுகாப்பும். முடிந்ததா என்று சொல்ல வேண்டியது என் ஷெல்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம், வீடியோக்களைப் பென்டிரைவில் போடலாம் என்று கீழே உட்கார்ந்தேன். பதினான்கு கோப்புகள். தேதி, நேரம் எல்லாம் பெயரில் சரியாக இருந்தன. முதல் கோப்பைத் திறந்தேன், ஓடவில்லை. அடுத்ததும் ஓடவில்லை. அளவைப் பார்த்தேன். பூஜ்யம். பதினான்கும் பூஜ்யம். பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை.

டிஸ்க் நிரம்பியிருந்தது. நிரப்பியவன் நான்தான், ஷெல் சோதனைகளின் குப்பையைக் கொட்டிக் கொட்டி. இடமில்லாமல் எழுத முடியாமல் போனதை என் ஷெல் கவனிக்கவே இல்லை. 'முடிந்தது' என்று வாய்கூசாமல் சொல்லியிருக்கிறது. ஸ்கிரிப்ட் அதை நம்பிப் போனில் இருந்ததை அழித்திருக்கிறது, பதினான்கு தடவையும். போனிலிருந்து மீட்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். தோப்பும்படியில் போன் ரிப்பேர் பார்க்கும் சேட்டனிடமும் கொண்டு போனேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

அக்காவிடம் சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லக்கா."

"நான் எடுத்தேன்டா. அவ தலை தரையில இடிக்காம ஒரு கையால பிடிச்சிட்டு எடுத்தேன்." கை ஈரத்தைத் துடைக்காமலேயே நின்றாள். "பின்னே நாளைக்கு டாக்டர்கிட்ட என்னன்னு சொல்ல?"

மாடிக்கு ஓடிவந்தேன். ஓடிவந்து என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன், பிழையைத் தேடினேன். பழைய அறிக்கைகளில் துழாவியபோது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒன்று கிடைத்தது. யாரோ ஒருவர், எந்த நாடோ தெரியாது. இதே கட்டளை, இதே பூஜ்யம். கீழே என் பதில்: "என் கணினியில் இது நிகழவில்லை. மூடுகிறேன்." அதற்கும் கீழே, மூடிய பிறகு, அவர் இன்னொரு வரி எழுதியிருந்தார். "டிஸ்க் நிரம்பியிருக்கும்போது மட்டும்தான் நடக்கிறது. தயவுசெய்து நிரப்பிவிட்டு ஒருமுறை பாருங்கள்."

மூடியதை நான் திரும்பிப் படிப்பதில்லை. அந்த வரியை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். என்னைத் தூக்கி அடித்தால் தேவலை என்று இருந்தது.

திருத்த இருபது நிமிடம் ஆனது. எழுதி முடித்துக் கோப்பை மூடும்போது பிழை வந்ததா என்று கேட்கும் ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன், நிரம்பிய டிஸ்க்கில் சோதித்தேன். ஷெல் ஒழுங்காக 'முடியவில்லை' என்றது. புதுப் பதிப்பை வெளியிட்டதும் நாலு பேர் நன்றி எழுதினார்கள், ஒருவர் என் வேகத்தைப் பாராட்டியிருந்தார். அந்தப் பழைய ஆளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், உங்களுக்கு எது அழிந்துபோனது என்றும் கேட்டேன். அந்த முகவரி இப்போது இல்லை என்று மின்னஞ்சல் திரும்பி வந்தது.

மறுநாள் டாக்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். வீடியோ அழிந்துபோனதை நான் விளக்கினேன். விளக்க விளக்க, எனக்கே அது பொய் போலக் கேட்டது. டாக்டர் கோபப்படவில்லை. குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், சிரித்தார், பள்ளிக்கூடம் பிடிக்குமா என்று கேட்டார். எழுதி முடித்து, "அடுத்த மாசம் வீடியோவுமாயிட்டு வரூ" என்றார். அவர் வழக்கம் அது. அந்த நாற்காலியில் நானும் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது.

அதன் பிறகு மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. வேறு வீடாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டே அலைந்தாள். குளிக்கப் போனால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். குழந்தை படித்தால் பார்த்துக்கொண்டிருப்போம், சாப்பிட்டால் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வரணும்னு துவா கேக்கவா, வரக்கூடாதுன்னு கேக்கவா? நீயே சொல்லு" என்றாள். நான் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

நாலாவது வாரம் ஒரு காலையில் வந்தது. குழந்தை புட்டுக்குப் பழம் பிசைந்துகொண்டிருந்தாள், கை நின்றது. அக்கா பாய்ந்து தலையைத் தாங்கினாள். "எடுடா!" என்றாள். நான் எடுத்தேன். குழந்தையின் கண் இழுத்துக்கொள்வதை, வாய் மெல்லுவதை, விரல்கள் பாவாடையைப் பிய்ப்பதைச் சட்டத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. பிடித்தால் படம் ஆடும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதற்கும் படம் ஆடும். நாற்பது விநாடி அப்படியே நின்றேன்.

அவள் துவண்டு அக்காவின் மடியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தேடியவள் என்னையும் என் கையிலிருந்த போனையும் பார்த்தாள். அவளிடம் நாங்கள் நேராக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை; டாக்டர் முன்னால் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"மாமா," என்றாள், நாக்கு இன்னும் குழற, "வீடியோ கிட்டிச்சா?"

கோப்பைத் திறந்து அளவைப் பார்த்தேன். ஓடவிட்டு ஒருமுறை முழுக்கப் பார்த்தேன். அதுவரை அவள் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.