குச்சியை விட்டுவிட்டு நடந்த காலை

காலை மணி 6.40. மலாக்காவின் புக்கிட் காத்திலில் என் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தபோது இன்னும் விடியவில்லை. பக்கத்தில் என் தங்கை வசந்தி. அவள் மடியில் எண்பத்தொன்பது வெள்ளிக்கு வாங்கிய பைனாகுலர். காட்டுப் பிராணிகளையும் பறவைகளையும் பார்க்க ஆட்களை அழைத்துப் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த நான் அன்றைக்கு வெறும் டிரைவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இவள் புதிதாக எதைக் காட்டிவிடப் போகிறாள் என்ற நினைப்போடுதான் கிளம்பினேன்.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் வசந்தி. அவள் இருந்த பிரிவை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் அடுத்த தொழிற்சாலைக்கு மனுப் போட்டபோது, இவள் பறவை பார்க்கிறேன் என்று ஏரிக்கரையில் திரிந்தாள். நானே சிரித்திருக்கிறேன். மலாக்கா நகரில் தங்கும் விடுதி நடத்தும் கஸ்தூரி அக்கா மட்டும் சிரிக்காமல் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். தன் விடுதியில் தங்கியிருக்கும் ஒருவரை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். அந்த விருந்தாளிக்குப் பிடித்துவிட்டால் சனிக்கிழமைதோறும் அக்கா ஆட்களை அனுப்புவார். பிடிக்காவிட்டால் அத்தோடு சரி.

மணி 7.05. விடுதி வாசலில் கஸ்தூரி அக்காவும், ஈப்போவிலிருந்து வந்திருந்த தேவியும் ஏறிக்கொண்டார்கள். தேவி பல் மருத்துவமனையில் தாதி. விலங்கு என்றால் மிருகக்காட்சிசாலை மட்டும்தான் தெரியும் என்றார். செங் ஊர் வழியாக அலோர் காஜா இருபத்து நான்கு கிலோமீட்டர். அங்கே பசியாறினோம். ரொட்டி சானாய் ஒரு வெள்ளி எண்பது காசு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு வெள்ளி இருபது காசு. சாப்பிட்டுக்கொண்டே வசந்தி பாடம் நடத்தினாள்.

“போனையெல்லாம் சைலண்ட்ல போடுங்க. பறவைய தேடாதீங்க, எங்க இலை ஆடுதுன்னு பாருங்க. பழுத்த மரம் இருந்தா அங்கயே நின்னுடணும். பத்து நிமிஷம் அசையாம நின்னா அதுங்களே வரும் லா.”

“பத்து நிமிஷம் பேசாம இருக்கணுமா?” என்றார் கஸ்தூரி அக்கா. அவருக்கு அது பெரிய சோதனைதான்.

மணி 8.20. மேலும் ஏழு கிலோமீட்டர் தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. நிர்வாகியிடம் வசந்தி முன்பே அனுமதி வாங்கியிருந்தாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் அரசமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, குட்டையை நோக்கி நடந்தோம். கார் போகாத பாதை அது, ஏறக்குறைய முந்நூறு அடி தூரம். இங்கேதான் என் கைவரிசை தொடங்கியது.

தோட்டத்து ஆள் சும்மா நடக்கமாட்டான். தரையை ஓங்கி மிதிப்பான், குச்சியால் புல்லைத் தட்டுவான், நடுநடுவே தொண்டையைச் செருமுவான். பாம்பே, வருகிறேன், ஒதுங்கிக்கொள் என்று சொல்வது அது. என் அப்பா ரப்பர் பால் வெட்டக் கித்தாக் காட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் போனார். என் காலுக்கும் கைக்கும் வேறு நடை தெரியாது. குட்டையில் மூன்று நீர்நாய்கள் தலை தூக்கின. “அங்க பாருங்க” என்று வசந்தி மூச்சுக்குள் சொன்ன அதே நேரம், நான் குச்சியால் ஒரு காய்ந்த மட்டையைப் பளாரென்று அடித்தேன். தண்ணீரில் வளையங்கள்தான் மிச்சம். தேவி பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோகவேயில்லை.

“மன்னிச்சுக்க” என்று சொல்லிவிட்டு நாலு எட்டு வைத்தேன். மறுபடியும் தட்டினேன். ஒரு மீன்கொத்தி பறந்தே போனது. கஸ்தூரி அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வசந்தி என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க காடியில போய் உக்காருங்க.”

விருந்தாளிகள் எதிரில்! நான் தூக்கி வளர்த்த தங்கை. முகம் சுருங்கிப் போயிற்று எனக்கு. வழி நெடுக புல்லை அடித்துக்கொண்டே காருக்குத் திரும்பி வந்தேன்.

மணி 9.25. கண்ணாடியை இறக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் கெக்கெக்கென்று ஒரு சத்தம். அரசமரத்தில் நான்கு இருவாச்சிகள். கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மஞ்சள் அலகின் மேல் இன்னொரு அலகை ஒட்டவைத்தது போன்ற கொண்டை. பழத்தைப் பறித்து, மேலே எறிந்து, தொண்டைக்குள் பிடித்தன. நான் கடலை தின்பதும் அப்படித்தான்.

வசந்திக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் போனும் சைலண்டில்தானே இருக்கும். ஹாரன் அடித்தால் பறவைகள் போய்விடும். கூப்பிட்டாலும் போய்விடும். நடந்து போவது ஒன்றுதான் வழி, அதுவும் சத்தமில்லாமல். குச்சியைக் காரிலேயே விட்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது. சொல்வதில் வெட்கமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகப் பாதத்தை மெல்ல வைத்து நடந்தேன். பாதி தூரத்தில் மட்டைக் குவியல் சரசரத்தது. கை தானாகவே தட்டுவதற்கு உயர்ந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உயரத்துக்கு நீளமான ஒரு உடும்பு வெளியே வந்தது. நாக்கை நீட்டிக் காற்றை மோந்தது, என்னைப் பொருட்படுத்தாமல் பாதையைக் கடந்தது. அதன் முதுகில் மஞ்சள் புள்ளிகள் வரிசையாக இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். இருபது வருடம் தோட்டத்தில் இருந்த நான் ஒரு பிராணியைக்கூட சரியாகப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் விரட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

குட்டையருகே வசந்தியின் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. மூக்கின் மேல் கையை வளைத்துக் காட்டினேன். அவள் கண்கள் விரிந்தன. நால்வரும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி நடந்தோம்.

நான்கும் அங்கேயே இருந்தன. பைனாகுலரே தேவைப்படவில்லை. தேவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெட்டை முட்டையிட மரப்பொந்துக்குள் தன்னையே அடைத்துக்கொள்ளும், குஞ்சுகள் வளரும்வரை ஆண்தான் சிறு சந்து வழியாக ஊட்டும் என்று வசந்தி கிசுகிசுத்தாள்.

“எங்க வீட்டுக்காரர் ஒரு நாளுகூட சோறு போட்டுக் குடுத்ததில்ல லா” என்றார் கஸ்தூரி அக்கா, அவரும் கிசுகிசுப்பாக. அதன்பின் இருபது நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை.

மணி 12.30. விடுதி வாசலில் இறங்கியதும் தேவி வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் எங்க ஆஸ்பிட்டல்ல எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்.” கஸ்தூரி அக்கா காரின் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்தார். “வர்ற சனிக்கிழமை நாலு பேரு இருக்காங்க. உன் பேர சொல்லிடவா?”

வசந்தி தலையை மட்டும் ஆட்டினாள். கார் முதல் முனை திரும்பியதும் அழுதாள். நான் வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். புக்கிட் காத்தில் நெருங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“சனிக்கிழமை உங்களுக்கு ஓவர்டைம் இருக்குதானே, அண்ணே?”

“இல்ல” என்றேன். இருந்தது.