தில்லைப் பால்

மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. கற்பிட்டிப் பக்கம், களப்பு என்கிற கடலேரியின் ஓரமாக ஒரு வரலாற்றுச் சங்கத்தின் பழைய கட்டடம் இருக்கிறது. அதன் வளவில் விதவிதமான மரங்களை நட்டு, பெயர்ப்பலகை போட்டு, எல்லாரும் பார்க்க விட்டிருக்கிறார்கள். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எண்ணி, முதலில் நாங்கள் இரண்டு பேர் பார்த்து வரப் போனோம். நான் விஞ்ஞான ஆசிரியை. கூட வந்த என் சிநேகிதி தமிழ் படிப்பிப்பவர்.

தண்ணீர்க் கரையில் ஒரு மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பலகை மறுபக்கம். சுற்றிப்போய் வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

"இது என்ன மரம், தெரியுமா டீச்சர்?" என்று சிநேகிதி கேட்டார்.

"ஓம், இதுவும் களப்புக் கரையில வளருற சாதாரணக் கண்டல்தான், ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே, இலையைக் காட்டுவதற்காகக் கயிற்றுக்கு மேலால் எட்டி ஒரு கொப்பை முறித்தேன். அவர் கிட்டக் குனிந்திருந்தார். முறிந்த இடத்திலிருந்து வெள்ளைப் பால் அவருடைய கண்களில் தெறித்தது.

"யா அல்லாஹ், எரியுது!" என்று கத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய் லேஞ்சியை எடுத்துத் துடைக்கப் போனேன். மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"உங்கட கையிலயும் பால் இருக்கு மிஸ்! தொட வேணாம்!"

அந்தப் பெண் என் சிநேகிதியின் இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, தண்ணீர்க் குழாயை மெதுவாக ஓட விட்டார். "கசக்காதீங்க. எரிஞ்சாலும் கண்ணத் திறங்க." நான் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவசரப்படுத்தினேன். அந்தப் பெண் விடவில்லை, கழுவிக்கொண்டே இருந்தார். அரை மணித்தியாலம் இருக்கும். அதற்குப் பிறகு சிநேகிதி என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"டீச்சர், எனக்கு ஒண்டும் தெரியுதில்ல."

நனைந்த உடுப்போடு அந்தப் பெண்ணும் எங்களோடு ஓட்டோவில் ஏறினார். என்ன மரம் என்று டொக்டர் கேட்டபோது நான் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தேன். அவர்தான் "தில்லை" என்று சொல்லி, பொலித்தீன் பையில் பத்திரமாகக் கொண்டுவந்த இலையை நீட்டினார். உடனே கழுவியது பெரிய உதவி, மற்றதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள்.

ஓடிவந்த கணவரிடம் சிநேகிதி, "தற்செயலா நடந்தது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை, கயிறு கட்டியிருந்தும் நான்தான் முறித்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போயும் நான் முறித்த கொப்பே கண்ணுக்குள் நின்றது. அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்ற நினைப்பு வேறு.

நாலாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். சிநேகிதி கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "என்ன டீச்சர், என்ட கண்ண விட உங்கட கண்தான் கூடச் சிவந்திருக்கு" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

தெரியாததைத் தெரியும் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையால் வந்த வினையை நினைத்தால், வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல எனக்கு இப்போது கொஞ்சமும் கூச்சம் வருவதில்லை.