சேலையூர்க் கிணற்றிலிருந்து இரண்டு மைல்

காலை 10.40. சேலையூரிலிருந்து மேற்குத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல். டாக்சிக்காரர் கேட்டது மூன்று ரூபாய். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். 1972 மே மாதம் அந்தச் சாலையில் என் மச்சான் தேவசகாயத்தை மடியில் கிடத்திக்கொண்டு போனவன் நான். எனக்குச் சிரிப்பு வராது.

மச்சான் என் தங்கை ரூபியின் கணவர். புது வீட்டுக்குக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து தண்ணீர் இழுக்க முடியாத ஆழம் என்பதால், எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆயில் எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் பாதியில் இறக்கி ஓட்டினார்கள். புகை உள்ளேயே தங்கிவிட்டது. ஊற்றைப் பார்க்க இறங்கிய மச்சான் தள்ளாடிக்கொண்டு மேலே வந்து கட்டிலில் விழுந்தார். நான் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவன். மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு சீராக வந்தது. முகமும் சிவந்து தெளிவாக இருந்தது. "பயமில்ல, தூங்கட்டும்" என்று பெரிய மனிதன் மாதிரி தீர்ப்புச் சொன்னேன். அரை மணி கழித்து எழுப்பினோம். எழவில்லை.

10.52. தாம்பரம் ரயில்வே கேட். மூடிவிட்டார்கள். "ரெண்டு வண்டி போவணும் சார், இன்னா பண்றது?" என்ற டிரைவர், திரும்பிப் பார்த்து, "மூஞ்சி செவசெவன்னு நல்லாத்தானே கீது" என்று தைரியம் சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் அந்தச் சிவப்பு எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் நான் வாய் வலிக்க நடத்தும் பாடம் அது. நெஞ்சுக்குள் காற்று போனால் மட்டும் போதாது. நுரையீரலில் கோடிக்கணக்கான குட்டிப் பைகள். அவற்றைச் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள். பையின் சுவரைத் தாண்டி ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போக வேண்டும், கரியமில வாயு வெளியே வர வேண்டும். சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், எஞ்சின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அது லேசில் எழுந்திருக்காது. இரத்தத்துக்குப் பொய்யாக ஒரு சிவப்பையும் கொடுத்துவிடும். மச்சானின் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் அவருக்குப் பிரயோஜனம் இல்லை.

கண்ணாடிகளை இறக்கினேன். மின்சார வண்டி போயிற்று. அடுத்து வந்த சரக்கு வண்டி முடிகிற பாடாக இல்லை. ரூபி அவர் காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணினேன்.

11.10. ஆஸ்பத்திரி. எஞ்சின் புகை என்றதுமே டாக்டர் சிலிண்டரைத் திறந்து முகமூடியைப் பொருத்தச் சொன்னார். ஆக்சிஜனை விடாமல் கொடுத்தால்தான் அந்த வாயு இடம் விடும், மணிக்கணக்காகும், பிழைப்பார் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று கேட்டார். கட்டிலில் கிடத்தி வைத்திருந்த அரை மணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

மாலை 4.30. மச்சான் கண் திறந்தார். ரூபி அழுதாள், நானும் வெட்கமில்லாமல் அழுதேன். தாமதம் என்னால்தான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் முகமூடியைச் சற்று விலக்கினார்.

"தலை வெடிக்கற மாதிரி இருந்துச்சு மச்சான். சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க பயமில்லைன்னுட்டீங்க. சயின்ஸ் வாத்தியார் சொல்றாரே, சரியாத்தான் இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டேன்."