ஓரத்தில் வைத்த வெள்ளைக் கல்

அம்புறோஸ் மச்சானுக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்களை ஒரேயொரு ஐப்பசி மழைக்கு அந்த ரோட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்புறம் பேசட்டும்.

என் அக்காள் யோசப்பினைக் கட்டியவர் அவர். கண்டி மலையில் மடுல்கெல்லைப் பக்கம் பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து, பள்ளத்தாக்கு வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் ஒரு குட்டி ரோட்டுக்கு அவர்தான் கங்காணி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், அடியில் ஓயா என்கிற ஆறு. தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது, சல்லி பரப்புவது, சரிந்த மண்ணை அள்ளுவது, அடுத்த மழைக்கு அதே மண்ணை மறுபடியும் அள்ளுவது, இதுதான் அவருடைய பிழைப்பு. ரோட்டின் நடு வளைவுக்கு மேலே நான் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தேன். அதனால் நடந்ததையெல்லாம் நானே பார்த்தேன், யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

அந்த வளைவுதான் மனுசனின் உயிரை வாங்கியது. பள்ளத்துப் பக்கம் விளிம்பு இளகிக்கொண்டே வந்தது. கீழேயிருந்து கல்சுவர் எழுப்பினால்தான் நிற்கும். யாழ்ப்பாணத்து ஓவசியர் மேற்பார்வைக்கு வரும்போதெல்லாம் மச்சான் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போவார்.

"ஐயா, ஒரு நாளைக்கு இது பஸ்ஸோட போயிரும்."

"ஓம் அம்புறோஸ், எனக்கும் விளங்குது. மேல சொல்லியிருக்கிறன். வரும்."

ஓவசியர் பொய் சொல்லவில்லை. சொல்லித்தான் பார்த்தார். துரைமார் கார் ஓடுகிற ரோடுகளுக்குத் தார் போட்டு முடியட்டும் என்று மேலிடத்துக் கந்தோரிலிருந்து பதில் வந்தது. அவர்கள் தார் போட்டு முடித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மச்சான், முப்பத்திரண்டாம் வருசம், மலையிலிருந்து உருண்டு கிடந்த ஒரு பெரிய கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து விளிம்பில் நட்டார். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்தார். பனிமூட்டத்திலும் கண்ணில் படும். "இதுக்குக் கிட்ட வராதேன்னு அர்த்தம். கண்ணிருக்கிறவனுக்கு இது போதும்" என்றார். நானும் நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதமே, பனி மூடிய ஒரு காலையில் முஹைதீன் ஓட்டி வந்த பஸ் வளைவில் சறுக்கியது. வெள்ளைக் கல்லைக் கண்டதும் அவர் பிரேக் போட்டார். டயர் கல்லை முட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவள் ராக்கம்மா, மேல் தோட்டத்துக் கொழுந்துக்காரி. நிறைமாத மருமகளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். கல்லைப் பார்த்தாள். சேற்றிலேயே விழுந்து கும்பிட்டாள்.

தேயிலை ஆலையில் சுற்றுகிற ரோதைச் சக்கரத்துக்கே ஒரு முனியை வைத்துக் கும்பிடுகிற சனம் அது. ரோட்டுக்கு ஒன்று இல்லாமல் போகுமா? மறுவாரமே கல்லுக்கு மஞ்சள், குங்குமம், பக்கத்தில் ஒரு சூலம். பெயர் ரோட்டு முனி. போகிற பஸ்ஸும் லொறியும் அங்கே நிற்க வேண்டும், சூடம் காட்ட வேண்டும், டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். எங்கே நிற்பது? சாமிக்குப் பக்கத்தில்தான். அந்த இளகிய விளிம்பின் மேலேயேதான்.

"வராதேன்னு வச்ச கல்லுய்யா இது. இதுக்குக் கிட்டயே கொண்டாந்து நிப்பாட்டுறீங்களே, உங்களுக்கெல்லாம் மண்டையில என்ன இருக்கு?" என்று மச்சான் தொண்டை கிழியக் கத்துவார். சனம் அடக்கமாகக் கேட்டுக்கொண்டு, சூடத்தை ஏற்றிவிட்டுப் போகும்.

குங்குமம் பூசிப் பூசிக் கல் இருட்டிப்போனது. பனியில் தெரியவில்லை. மச்சான் தேய்த்துக் கழுவி மறுபடியும் சுண்ணாம்பு அடித்தார். சண்டை வரும் என்று நான் பயந்தேன். வந்திருந்தால் தேவலை. ராக்கம்மா கைகூப்பிக்கொண்டு, "சிலுவை கும்பிடுற வேதக்கார அண்ணனுக்கும் நம்பிக்கை வந்துருச்சு" என்றாள். மச்சான் சுண்ணாம்புச் சட்டியைப் போட்டு உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் முறைக்கு நானா, நானா என்று கூப்பிடுகிற முஹைதீனிடமும் போய்ச் சண்டை பிடித்தார். "நீங்களாவது நிப்பாட்டாம போகக் கூடாதா, நானா?"

"நான் என்ன செய்ய அம்புறோஸ்? நிப்பாட்டல்லண்டா ஒருத்தரும் என்ட பஸ்ல ஏற மாட்டாங்க."

கல்லை அப்புறப்படுத்தக் கேட்டால், சாமி விசயத்தில் கை வைக்காதே என்று ஓவசியர் கும்பிட்டார். சுவரும் வராது, கல்லும் போகாது. அந்தக் காலத்தில் மச்சான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சுவரோடு பேசுவதாக அக்காள் வந்து அழுவாள். எனக்கே எரிச்சல் தாங்கவில்லை, அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த ஐப்பசியில் அது நடந்தது. விடாத மழை. முஹைதீன் வழக்கம்போல நிறுத்தினார். கைப்பிள்ளையோடு வந்த ராக்கம்மாவின் மருமகள் உட்பட எல்லாரும் சூடம் காட்ட இறங்கி, மழைக்கு ஒதுங்கி மலைப்பக்கம் கூடி நின்றார்கள். விளிம்பு ஒரு சத்தமுமில்லாமல் இறங்கியது. கல், சூலம், வெறும் பஸ், எல்லாம் ஓயாவுக்குப் போயின. முஹைதீன் குதித்தார், கால் முறிந்தது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

முனி இறக்கிக் காப்பாற்றியது என்று சனம் ரோட்டிலேயே விழுந்து அழுதது. "நிப்பாட்டினதாலதான்டி விழுந்துச்சு!" என்று மச்சான் மழையில் நின்று கத்தினார். யார் காதில் விழும்?

விசாரணை வைத்தார்கள். சுவர் ஏன் கட்டவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ரோட்டில் கல்லை வைத்து வண்டிகளை நிற்கச் செய்தது யார் என்று கேட்டார்கள். மச்சான் மறைக்கவில்லை. வேலை போனது. ஓவசியர் தலையைக் குனிந்துகொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் ராக்கம்மா சனத்தோடு வீட்டு வாசலுக்கு வந்தாள். ஓயாவிலிருந்து கல்லைத் தூக்கிவிட்டார்களாம். பழைய இடத்தில் வைக்க வேண்டுமாம்.

"சாமி திரும்பவும் விழக் கூடாதுண்ணே. அடியில இருந்து சுவரு கட்டணும். கல்லு நாங்க சொமக்கிறோம். எப்படின்னு நீங்க சொல்லிக் குடுங்க."

மச்சான் வாய்க்கு வந்தபடி ஏசினார். என் அக்காள் காதைப் பொத்திக்கொண்டாள். "மனுசனுக்காக எத்தனை வருசம் கேட்டேன், ஒருத்தன் ஒரு கல்லு வைக்கல. இப்ப சாமிக்குச் சுவரா?" என்று கதவைச் சாத்தினார். விடிந்ததும் கல் நெம்புகிற அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு வளைவுக்குப் போய்விட்டார்.

பெண்கள் ஓயாவிலிருந்து கல் சுமந்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து அடுக்கினார், பிசகியதைப் பிடுங்கி எறிந்தார், நாள் முழுக்க ஏசினார். தண்ணீர் வடிய ஓட்டை விட்டார். மாசி முடிவதற்குள் சுவர் ரோட்டு மட்டத்துக்கு வந்தது. அதன் மேல் முனியை வைத்தார்கள்.

கால் கூடிய முஹைதீன் நொண்டிக்கொண்டு வேறொரு பஸ்ஸில் வந்தார். பழைய பயம் போகவில்லை. மலையை உரசிக்கொண்டு, எட்டவே நிறுத்தினார். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் சுவரின் தலையில் ஏறி நின்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"ஓரமா எடுங்க, நானா" என்று கையைக் காட்டினார். "வாங்க, வாங்க. இன்னும் நல்லா ஓரமா."