தறிக்குழியில் வந்த சிவப்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பேராசிரியர் என்னைப் புண்ணாக்குக் கடைக்கு அனுப்பினார். எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் லேபில் நான் தற்காலிக டெக்னீசியன். இரண்டு கிலோ கடலைப் புண்ணாக்கு கேட்டதும் கடைக்காரர், "மாடு எத்தனைம்மா நிக்கிது?" என்றார். பாக்டீரியாவுக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன்.

சிவப்புச் சாயம் சுரக்கும் பாக்டீரியா ஒன்று உண்டு. அதை வளர்க்கும் ரெடிமேட் மீடியா, அதாவது அதற்கான தீனி, யானை விலை. அதற்குப் பதிலாகப் புண்ணாக்கை ஊறவைத்து, வடிகட்டி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவிக் குக்கரில் வேகவைத்து ஊட்டினோம். மார்கழி, தை முழுக்கக் கண்ணாடிப் பிளாஸ்க்குகள் செம்பருத்தி நிறத்தில் வந்தன. மாணவர்கள் எனக்குப் 'புண்ணாக்கு அக்கா' என்று பெயர் வைத்தார்கள். சத்தியமாகப் பெருமையாகத்தான் இருந்தது.

சித்திரையில், நிதி தரும் கமிட்டி வருவதற்குப் பத்து நாள் இருக்கையில், எல்லாப் பிளாஸ்க்கும் வெள்ளையாக வந்தது, கஞ்சித் தண்ணி மாதிரி. மறுபடி போட்டேன். மறுபடியும் வெள்ளை.

"யாரும்மா கழுவுனது?" என்றார் பேராசிரியர்.

"நான்தான் சார்."

"சோப்பு போகல. இல்லன்னா வேற கிருமி விழுந்திருக்கு. கமிட்டி வாரப்ப இப்படி இருந்தா புராஜெக்டும் போச்சு, ஒன் வேலையும் போச்சு."

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் கழுவிய பிளாஸ்க்கில் முகம் பார்க்கலாம்.

ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்கார அக்கா வீட்டுக்குள் கன்னடம் பேசுவார், என்னிடம் தமிழ். கல்லூரியில் வேலை என்பதால் அவருக்கு நான் 'டீச்சரு'. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள், தறி மிதிக்கத் தரையில் தோண்டி, இப்போது சும்மா கிடந்த பழைய தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். நெற்றியில் வியர்வை வழிகிறது. கால் மட்டும் சில்லென்று இருக்கிறது. மார்கழியில் லேபும் இப்படிச் சில்லென்றுதான் இருந்தது.

"என்ன டீச்சரு, பேச்சு பாதியில நின்னு போச்சு?"

"அக்கா, இந்தக் குழிய நாலு நாளைக்குக் குடுப்பீகளா?"

"தூக்கிட்டா போகப் போறீக? வச்சுக்கோங்க. நோய் கீய் வந்துராதுல்ல?"

"பிளாஸ்க்கு வாயில அடைச்சிருக்கிற பஞ்ச மட்டும் யாரும் எடுக்கக் கூடாதுக்கா."

லேபில் முப்பத்தெட்டு டிகிரி; அந்தச் சூட்டில் பாக்டீரியா வளரும், சாயம் மட்டும் சுரக்காது என்று தோன்றியது. குழியில் ஈரமணல் பரப்பி வைத்த தெர்மாமீட்டரில் இருபத்தொன்பது. புதிதாகப் போட்ட பிளாஸ்க்குகளை அங்கே இறக்கினேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "டீச்சரு, ஒங்க கஞ்சி செவந்துருச்சு. எங்க நூலுக்கு ஆகுமா இது?"

ஒரு சிட்டம் நூலை நனைத்துப் பார்த்தோம். அழகாகப் பிடித்தது, பிறகு வெயிலில் வெளுத்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

கமிட்டிக்காரர் ஒருவர் பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்து, "இந்த வெயிலுக்குக் குளிரவச்சுல்ல வளர்க்கணும், கூலிங் இன்குபேட்டர் எந்தக் கம்பெனி?" என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"தறிக்குழி சார்" என்றேன். சிரித்தார்கள். நிதி வந்தது, என் வேலையும் நிலைத்தது.

பேராசிரியர் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அதன்பின் எந்த மாணவன் கெட்டுப்போன பிளாஸ்க்கோடு வந்து நின்றாலும், யார் கழுவியது என்று அவர் கேட்டதே இல்லை. "லேபுல எத்தனை டிகிரி இருந்துச்சு?" என்றுதான் கேட்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு நானும் அதையே கேட்டேன். லேபில் எது தவறினாலும் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஆளைப் பிறகு பார்க்கலாம்.