கப்பலில் ஏழரை மணிச் சாப்பாடு

கோவில்பட்டி பழைய பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர் பூவனலிங்கம். இரும்பு மேசை ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று, ஆணியடித்து மாட்டிய கடிகாரம் ஒன்று. கழுகுமலை பஸ் ஐந்து நாற்பதுக்கு எடுக்க வேண்டுமென்றால் ஐந்து நாற்பதுக்கு எடுக்க வேண்டும். ஐந்து நாற்பத்திரண்டு வரை நின்று ஆள் ஏற்றினால், அடுத்த பஸ்காரனுக்கு வரவேண்டிய ஆட்களையும் அள்ளிக்கொண்டு போகிறான் என்று பொருள். அந்த இரண்டு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட டிரைவர்கள் உண்டு. அவர் சத்தம் போட மாட்டார். நோட்டைத் திருப்பிக் காட்டுவார். நியாயஸ்தர் என்று ஊரில் சொன்னார்கள். அது கொஞ்சம் கூடுதலான சொல். நிமிஷங்களைச் சரியாக எழுதியவர் என்றால் போதும்.

வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. மனைவி அழகுத்தாய் இறந்து எட்டு மாதம். நெஞ்சு வலி என்று கொண்டுபோனார்கள். மூன்று நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரே மகன் நவநீதகிருஷ்ணன் இரண்டாம் நாள் வந்து சேர்ந்தான். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. பூவனலிங்கம் அழவில்லை. பதினாறாம் நாள் வந்தவர்கள், மனுசன் தைரியமா இருக்காரு என்று பேசிக்கொண்டு போனார்கள். தைரியம் எதுவும் அவரிடம் இல்லை. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலை ஊன்றினால், தரை இருப்பது தெரியும், தரை படுவது தெரியாது. அப்படித்தான் இருந்தது அவருக்கு. ரேஷன் கடைக்குப் போனார். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார். சாயங்காலம் ஏழு மணியானால் சோப்புப் போட்டுக் கை கழுவினார். துடைத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் வரைக்கும் போய், அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை என்று திரும்புவார். ஏழரைக்குத் தட்டை வைத்துச் சாப்பிடுவார். பசியும் இராது, வெறுப்பும் இராது.

ஒரு வியாழக்கிழமை காலை நவநீதகிருஷ்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் கப்பல் பயணத்தைப் பற்றிக் குரல் செய்தி வந்தது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி நான்கு ராத்திரி கடலில் போய்த் திரும்பும் கப்பல் அது. முதலில் தன் மனைவி, சின்ன மகளோடு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் பதிவு செய்திருந்தான். அம்மா போனபின் தேதியைத் தள்ளி, இப்போது அப்பாவையாவது ஏற்றிவிட வேண்டும் என்று நிற்கிறான். கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரம் சொல்ல வேண்டுமாம். ஐந்தே முக்கால் ஒன்று, எட்டேகால் ஒன்று. இந்த இரண்டில் எதைக் கேட்டாலும் நான்கு நாளும் அதே நேரம், அதே மேசை, பக்கத்தில் அதே ஆட்கள். இல்லையென்றால் மூன்றாவது முறை உண்டு. நாளுக்கொரு நேரத்தை நாமே முன்கூட்டிப் பிடித்து வைக்கலாம். காலியாக இருக்கும் மேசையில் உட்கார வைப்பார்கள். மகன் அந்த மூன்றாவதைத்தான் எடுத்திருந்தான்.

"அப்பாவுக்கு ஏழரை தவறக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாள்லா. அதான் நாலு நாளும் ஏழரைக்கே பிடிச்சு வச்சிருக்கேன். பாப்பா அந்நேரம் தூங்கி வழிவா, பரவாயில்ல, சமாளிச்சுக்கிடுவோம். ஞாயித்துக்கெழமைக்குள்ள சரின்னு ஒரு வார்த்த சொல்லிருங்கப்பா."

பூவனலிங்கம் செய்தியை இரண்டாம் தடவை கேட்டார். சரி என்று எழுதப்போனவர் எழுதவில்லை. ஏழரை அவருடைய நேரமே இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அழகுத்தாய்க்குச் சர்க்கரைக்கு மாத்திரை போதாது என்று சாயங்காலம் ஒரு இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். ஏழு மணிக்கு ஊசி, அரைமணி கழித்துக் கட்டாயம் சாப்பாடு. போடத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் விளாத்திகுளம் பஸ்காரனும் எட்டயபுரம் பஸ்காரனும் கட்டிப்புரண்டதில் அவர் வீடு வர எட்டரை ஆகிவிட்டது. ஊசியைப் போட்டுக்கொண்ட அழகுத்தாய், அவர் வந்தபின் சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்திருக்கிறாள். அடுப்படித் தரையில் வேர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தவளுக்கு, வந்தவர் யாரென்று தெரியவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக, அவள் தன் பெயரைச் சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். மறுநாளே முதலாளிகளிடம் சொல்லிச் சாயங்கால டூட்டியை விட்டார். அன்றிலிருந்து ஏழு மணிக்குக் கை கழுவி ஊசி போடுவது அவர் வேலை. ஏழரைக்கு இரண்டு தட்டு.

அழகுத்தாய் ஒன்றே ஒன்று கேட்டாள். ஊசி விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது. சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்பது ஒன்று; மகனுக்குத் தெரிந்தால் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான் என்பது இன்னொன்று. அதனால் ஏழரை பூவனலிங்கத்தின் பிடிவாதம் என்று ஆயிற்று. கல்யாண வீட்டில் பந்தி தொடங்குமுன் எழுந்து போனார்; டைம் கீப்பர் வீட்டுல சோத்துக்கும் நோட்டு போடுதாரு என்று கேலி செய்தார்கள். மகன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது ஏழு மணி நெருங்கினால், அப்பாவுக்குப் பசி வந்துட்டு, வைக்கேன் என்பாள் அவள். அவர் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார். கப்பல் பேச்சை மகன் முதலில் எடுத்தபோதும், கடலைப் பற்றியோ ஊர்களைப் பற்றியோ கேட்காமல், அங்க ராத்திரிச் சோறு எத்தன மணிக்குப்பா, அப்பா ஏழரைக்குச் சாப்பிடணும் என்றுதான் கேட்டாள். மகன் அதை மனதில் வைத்திருக்கிறான். ஊசி விஷயம் கடைசியில் ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஊசியையும் ஏழரையையும் அவன் சேர்த்துப் பார்க்கவில்லை.

சரி என்றால் நான்கு நாளும் ஏழரைக்குத் தட்டுக்கு முன்னால் உட்கார வேண்டும், மகன் பார்த்துக்கொண்டிருக்க. வீட்டில் தனியாக உட்கார முடிகிறது. அங்கே முடியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். சொன்னால், அவள் பதினோரு வருஷம் காத்ததில் மிச்சமிருப்பதும் போய்விடும். கப்பலுக்கே வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஒருவிதத்தில் அதுதான் சுலபம். சிங்கப்பூரில் ஏழரை என்றால் இங்கே ஐந்து மணி என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதில் ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. அவள் போயிருந்தாலும் ஊசி அந்த ஊர்க் கடிகாரப்படிதான் போட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் சண்முகராஜ் இருந்தார். புதூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். நாற்பது வருஷப் பழக்கம். பூவனலிங்கம் கப்பல் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"நேரம் போட்ட பெர்மிட் பஸ்ஸு ஒண்ணு, நெனச்ச நேரத்துக்குப் போற ஷேர் ஆட்டோ ஒண்ணு. இதுல யோசிக்க என்னவே இருக்கு? ஒம்ம மகன் ஷேர் ஆட்டோவுல ஏறி, பெர்மிட் டைம் கேட்டு வாங்கியிருக்கான். ஒமக்குப் பொறந்தவன்லா."

"எனக்கு ஏழரை வேண்டாம்னு பாக்கேன்."

"ஒமக்கா? என் மக வரவேற்புல இலை போடுமுன்ன எந்திரிச்சுப் போன ஆளுவே நீரு. எங்க வீட்டுக்காரி இன்னைக்கும் சொல்லிக் காட்டுதா."

அந்த வரவேற்பு பூவனலிங்கத்துக்கு நன்றாக நினைவிருந்தது. ஆட்டோவில் ஏறியதும் அழகுத்தாய், எம்மேல கோவமா என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றார். உண்மையாகவே இல்லை.

சண்முகராஜ் புதூர் ஆறு ஐந்து வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்; இருட்டிய பிறகும் பேச்சு ஓயவில்லை. அந்தப் பேச்சில் பூவனலிங்கத்துக்கு வேறொன்று நினைவு வந்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் அந்த வண்டியில் மூன்றாவது சீட்டில் எப்போதும் சேர்ந்து உட்காருவார்கள். ஒருத்தி காய்ச்சலில் இறந்துபோனாள். மற்றவள் தனியாக ஏறிய முதல் நாள் வண்டி முழுக்க அவளிடம் கூட்டாளி எங்கே என்று கேட்டது. இரண்டாம் நாள் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அந்த இடத்தில் வேறொருத்தி பையை வைத்து உட்கார்ந்தாள். தினமும் அதே ஆட்கள் ஏறும் வண்டி அது. சன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது நல்லதா கெட்டதா என்று அன்றைக்கும் அவருக்குத் தெரியவில்லை.

அப்போது ஸ்டாண்டுக்குள் சத்தம் கேட்டது. கழுகுமலை வண்டிக்காரன் நேரம் தாண்டியும் எடுக்கவில்லை என்று சங்கரன்கோவில் வண்டிக்காரன் குறுக்கே பஸ்ஸை நிறுத்திவிட்டான். இப்போது இருக்கும் டைம் கீப்பர் இடத்தில் இல்லை. யாரோ டீக்கடைப் பக்கம் கை காட்ட, டிரைவர் ஒருவன் வந்து, அண்ணாச்சி நீங்க வந்து சொல்லுங்க என்று நின்றான். பூவனலிங்கம் போனார். இருவர் சொன்னதையும் கேட்டார். பழைய நோட்டு கையில் இல்லை. ஆனால் நேரங்கள் மறக்கவில்லை. கழுகுமலைக்காரனை முதலில் எடுக்கச் சொல்லி, அடுத்தவனை மூன்று நிமிஷம் நிற்கச் சொன்னார். இருவரும் முனகிக்கொண்டே ஏறினார்கள். வண்டிகள் வெளியே போயின. அவர் தலையைத் தூக்கினார். சுவர்க் கடிகாரத்தில் எட்டு பத்து.

கால்கள் தாமாகவே நான்கு எட்டு வேகமாக வைத்தன. ஐந்தாவது எட்டில் நின்றார். எங்கே போகிறோம் என்று தோன்றியது. எட்டு பத்துக்கு எந்த அடுப்படியிலும் அவருக்காக யாரும் வேர்த்துக்கொண்டிருக்கவில்லை. பதினோரு வருஷம் இந்த நிமிஷத்துக்குத்தான் பயந்தார். அது வந்து நின்றது, ஒன்றும் நடக்கவில்லை. எதிரே வாழைப்பழக் கடைக்காரி தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாகவே நடந்து வீட்டுக்குப் போனார். ஆறிய ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். ஏழரைக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது எட்டே முக்காலுக்கும். மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது, கதவில் முட்டை வைக்கும் குழிகளில் அழகுத்தாயின் ஊசிப் பேனா இரண்டு கிடந்தன. மூடினார்.

சனிக்கிழமை ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறு மத்தியானம் மகனை வீடியோவில் கூப்பிட்டார்.

"நவநீதா, அந்த ஏழரைய எடுத்துரு."

"ஏம்ப்பா? அந்த நேரம் கெடைக்கிறதே பாடு. உங்களுக்காகத்தானே..."

"அது என் நேரம் இல்ல. ஒங்க அம்மைக்கு உள்ளது."

பிறகு சொன்னார். அடுப்படித் தரையையும் சர்க்கரைத் தண்ணீரையும் அதிகம் விவரிக்கவில்லை. ஊசி போட்டு அரைமணியில் சாப்பிட வேண்டும், உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள், நான் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் இருந்தது குரல்.

நவநீதகிருஷ்ணன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "அப்ப போன வைக்கும்போதெல்லாம், அப்பாவுக்குப் பசி வந்துட்டும்பாளே?"

"அந்நேரம் எனக்குப் பசிச்சதே இல்ல. ஆறு மணிக்குத்தான் வடை தின்னுட்டு வந்திருப்பேன்."

திரையில் மகன் முகம் போய், சிங்கப்பூர் வீட்டின் உட்கூரையும் ஒரு விளக்கும் தெரிந்தன. போனை மல்லாக்க வைத்துவிட்டான். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பூவனலிங்கம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தனக்கும் ஏதாவது வரும் என்று பார்த்தார். வரவில்லை. மகனுக்காவது வருகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பவும் முகம் வந்தது. "அப்ப எத்தன மணிக்குப்பா போட?"

"அந்த அஞ்சே முக்கா. ஒரே மேசைன்னு சொன்னேல்லா, அது. பாப்பா தூங்குமுன்ன சாப்பிட்டிரலாம்."

"அதுல பக்கத்துல வேத்தாளுங்க இருப்பாங்க. நாலு நாளும் அவங்கதான்."

"இருக்கட்டும். மொத நாளு கேப்பாவ, தனியாவா வந்தீங்கன்னு. சொல்லிரலாம். பொறவு கேக்க மாட்டாவ. நீ பிடிச்சு வச்சதுன்னா தெனம் புது ஆளு, தெனம் சொல்லணும்."

நவநீதகிருஷ்ணன் தலையாட்டினான். எதையோ தட்டி மாற்றினான். மாற்றியாயிற்று என்றான். பிறகு நினைத்துக்கொண்டவன்போலக் கேட்டான்.

"ஏழு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்ப்பா. அதுக்குப் பொறவு நீங்க என்ன செய்வீங்க?"

பூவனலிங்கம் யோசித்தார்.

"தெரியல," என்றார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஏழரைக்குத் தட்டை எடுத்து வைத்தார். கப்பல் கிளம்ப இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.