முகத்துக்கு நேரே சாம்பல் அட்டை

சிவகாசியில் நான் டிசைன் வேலை பார்த்த அச்சகத்துக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வந்தது. முதலாளி அதை என் கையில் கொடுத்து, பட்டாசுப் பெட்டிகளைப் படம் பிடிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்குக் கேமராவும் தெரிந்திருக்கும் என்பது அவர் நினைப்பு. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேதி பரவியதும், காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கும் பெண் ஒருத்தி வந்து நின்றாள். சாத்தூர்ப் பக்கம் ஒரு வரன். மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டும்.

"உள்ளது உள்ளபடி வரணும்ணே. போன தடவ ஸ்டுடியோவுல வெள்ளையாக்கிக் குடுத்துட்டாக. பாக்க வந்தவுக எங்கிட்டயே காப்பிய வாங்கிக்கிட்டு, 'பொண்ணு எங்க'ன்னு கேட்டாக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அதில் பாதி எங்கள் தொழில் மேலேயே. நாங்கள் அச்சடிக்கும் காலண்டரில் சாமி முதல் கைக்குழந்தை வரை அத்தனை பேரும் ரோஸ் நிறம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவளை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி எடுத்தேன். சுவர் அழுக்காகவும் முகம் அடுப்புக் கரியாகவும் வந்தன. கிட்டே போய் பிளாஷ் போட்டு எடுத்தேன். முகமே வெளுத்துப்போய், மூக்கு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரலாம்மா," என்றேன்.

"ஸ்டுடியோவுலயும் அதத்தானண்ணே பண்ணுனாக," என்றாள்.

அன்று மாலை குடோனில் உட்கார்ந்து, கேமராவோடு வந்த புத்தகத்தை முதல் தடவையாகப் பிரித்தேன். வெள்ளை எது, கறுப்பு எது என்று கேமராவுக்குத் தெரியாதாம். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தை அளக்குமாம். வெள்ளைச் சுவரைக் கண்டு மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்ததில் இவள் முகமும் சேர்ந்து இருண்டிருக்கிறது. இதற்கென்றே சாம்பல் அட்டை விற்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது.

நான் சாய்ந்திருந்ததே ஓர் அட்டைக் கட்டின் மேல்தான். பட்டாசுப் பெட்டி செய்கிற அட்டைக்கு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல். கூரை வரை அடுக்கிக் கிடந்தது. புத்தகம் சொன்ன சாம்பலுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதையெல்லாம் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் சாம்பல் பக்கம் என்னைப் பார்க்க, அட்டையை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். பொத்தானைப் பாதி அழுத்தினால் கேமரா அந்த அளவை விடாமல் வைத்துக்கொள்ளும். அழுத்திக்கொண்டு, "இப்ப எறக்கும்மா," என்றேன். இறக்கினாள். மீதியை அழுத்தினேன். அட்டைக்குப் பின்னால் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. நல்ல கறுப்பு, கன்னத்தில் அம்மைத் தழும்பு, எல்லாம் அப்படியே வந்திருந்தன. வெகுநேரம் பார்த்தாள்.

"நான்தாண்ணே," என்றாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, இருக்கன்குடி கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று. கூடவே மாப்பிள்ளையின் படமும் வந்தது. பவுடரும் பிளாஷும் ஸ்டுடியோவும் சேர்ந்து, மீசையைத் தவிர ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. வேலையை விட்டு ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் படத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் கோயிலுக்கு வாங்கண்ணே. இவுகளையும் ஒரு படம் எடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."